கையொப்பம் தெளிவில்லை

பிரின்ஸ் ரூபர்ட்டில் மழை நின்றால்தான் செய்தி.
ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில்
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியை
நாளுக்கு இருமுறை நான்தான் ஊற்றுகிறேன்.
மூடிப்போன மீன் ஆலையின் சம்பளப் பேரேடுகள்,
நாற்பத்தொரு பெட்டி.
இன்னும் சால்மன் மணக்கிறது
அல்லது மணக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

வேலை இலகு.
தாளைப் பிரி, படம் எடு, பெயரைத் தட்டு,
அடுத்தது.

பத்தொன்பதாம் பெட்டி. எண்பத்தெட்டு, ஓகஸ்ட்.
பெயர்: டம்பி, ஐ.
கழிவு: ரப்பர் சப்பாத்து, சாப்பாடு,
மழைக்கோட்டு இருபத்திரண்டு டொலர், இரண்டு தவணை.
ஓரத்தில் கணக்கரின் சிவப்பு மை:
கையொப்பம் தெளிவில்லை.

எது தெளிவில்லை?

ஞானச்சந்திரன்.
ஞாவின் சுழி ஒன்றும் குறையவில்லை.
மூன்று மெய்க்கும் மூன்று புள்ளி
தலைக்கு மேல், ஒன்றும் தவறாமல்,
மீன் வெட்டி மரத்த விரலால்.
ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
இந்த ஞாவுக்காகத்தான் நான் அழுதேன்.

டம்பி, ஐ. என்றால் இளையதம்பி.
தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து
நீளம் தாங்காமல் யாரோ
மீனைப் போலத் தலையை வெட்டியிருக்கிறார்கள்.

பிறகு தேடுவது கஷ்டமில்லை.
மரண விசாரணைக் கந்தோரின் புத்தகத்தில் ஒக்டோபர்.
காற்று நாள். கவிழ்ந்த வலைப் படகு.
டம்பி. ஆண். முப்பதுக்குள்.
உறவினர்: தெரியாது.
மயானப் பதிவில் வரிசை பதினான்கு, கல் இல்லை.
பொலிஸ் நிலையத்தில், ரொறன்ரோவிலிருந்து வந்த கடிதம்:
ஞானச்சந்திரன் என்பவரைக் காணவில்லை,
மேற்கே வேலை தேடிப் போனவர்,
அறிவித்தவர் தமக்கை.
பதில்: அப்படி எவரும் இங்கே வரவில்லை.

மூன்று கடதாசி, ஒரே தெரு.
நடுவில் ஒரு கோப்பிக் கடை.
முப்பத்தாறு வருசமாக
ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

தொலைபேசியில் அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார்.
நான் தமிழில் சொன்னேன்.
என்னிடம் இருந்தது "இறந்துவிட்டார்" மட்டும்.
"மோசம் போயிட்டான் எண்டு சொல்லுங்கோ பிள்ளை"
என்று பரிமளகாந்தி என்னைத் திருத்தினா.
அழவில்லை. அல்லது வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம்.

"குளிருக்கு என்ன போட்டிருந்தவன்?"
பேரேட்டை வாசித்தேன்.
"கோட்டு வாங்கினவனோ."
அது கேள்வி இல்லை.
எங்கோ ஒரு குழாய் திறந்து மூடியது.
"அங்க அவனை என்னெண்டு கூப்பிட்டவை?"
"தம்பி எண்டுதான். முழு ஆலையும்."

வெகுநேரம் ஒன்றுமில்லை.
அதிகாரி என்னைப் பார்த்தார், இணைப்பு அறுந்ததோ என்று.
நான் தலையாட்டினேன்.

"ரெண்டாந் தவணை கட்டினவனோ?"
பக்கத்தைப் புரட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம்.
"இல்லை அன்ரி. பதினொரு டொலர் நிற்குது."
"ம்" என்றா. வைத்துவிட்டா.

கல் வைக்கப் பணம் சேர்கிறது, அது வேறு கதை.
வைகாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறா,
விமானம் பயம், ரயிலில்.

போன செவ்வாய் கடித உறையில் ஒரு காசோலை.
பதினொரு டொலர்.
யாருக்கு என்ற கோட்டில் ஒன்றும் எழுதவில்லை.
எதற்கு என்ற கோட்டில்: கோட்டு.
ஆலை இல்லை, கணக்கர் இல்லை,
இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று
மேலாளருக்கும் தெரியவில்லை.
கீழே கையொப்பம். தமிழில்.
பரிமளகாந்தி.
ஒரேயொரு புள்ளி,
ந் மேல், தவறாமல்.